பிரிங்கிள்ஸை உருவாக்கிய நிறுவனமே அதை ஏன் விற்றது?

கேள்வி: கடைத்தெரு வாசகர்

நாம் அன்றாடம் பார்க்கும் பொருட்களின் வணிக வரலாற்றைத் தேடிப் படிப்பது என் வழக்கம். அண்மையில் பிரிங்கிள்ஸ் சிப்ஸ் கைமாறிய வரிசையைக் குறித்து வைத்துக்கொண்டபோது சில ஐயங்கள் எழுந்தன. சின்சினாட்டியைத் தலைமையிடமாகக் கொண்ட புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 1968-இல் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2011-இல், வால்நட் வணிகத்தில் வளர்ந்த டைமண்ட் ஃபுட்ஸ் என்ற கலிபோர்னிய நிறுவனத்துக்கு இதை விற்கப்போவதாக அறிவித்தது. அந்த ஒப்பந்தம் முறிந்து, 2012-இல் கெல்லாக் நிறுவனம் வாங்கியது. 2023-இல் கெல்லாக் இரண்டாகப் பிரிந்தபோது பிரிங்கிள்ஸ் தின்பண்டங்களுக்கான கெல்லனோவா நிறுவனத்தின் பங்குக்குப் போனது. கெல்லனோவாவை வாங்குவதாக சாக்லேட் நிறுவனமான மார்ஸ் 2024-இல் அறிவித்து, 2025-இன் இறுதியில் அந்தக் கொள்முதலை முடித்தது.

ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் விற்பனையாகும் ஒரு பொருளை, அதைத் தன் ஆய்வகத்திலேயே கண்டுபிடித்து நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக வளர்த்த நிறுவனம் எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்? அதுவும், தன்னோடு ஒப்பிட்டால் மிகச் சிறியதான ஒரு கொட்டைப்பருப்பு நிறுவனத்திடம் கொடுக்க ஏன் முன்வந்தது? "முக்கியத் தொழிலில் கவனம் செலுத்துவதற்காக" என்ற விளக்கத்தைப் பல இடங்களில் படித்துவிட்டேன். எந்த நிறுவனத்தின் எந்த விற்பனைக்கும் பொருந்தக்கூடிய அந்த வாசகம் எனக்கு நிறைவளிக்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கிடங்குக் கணக்கர்

நீங்கள் படித்த அந்த விளக்கம் பொய்யில்லை, ஆனால் அது கதையின் கடைசிப் பக்கம் மட்டுமே. புராக்டர் அண்ட் கேம்பிள் இதை ஏன் விற்றது என்று அறிவதற்கு, முதலில் எதற்காக உருவாக்கியது என்று பார்க்க வேண்டும். என் பார்வையில், பிரிங்கிள்ஸின் வரலாற்றில் சுவையைவிட விநியோக முறைக்கே முதலிடம்.

1950-களின் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு சிப்ஸ் பெரும்பாலும் வட்டாரத் தொழிலாகவே இருந்தது. பொட்டலத்தில் பாதி காற்று. மீதியில் ஒரு பகுதி நொறுங்கிய தூள். சில வாரங்கள் போனால் எண்ணெய் சிக்கு வாடை. ஆகவே சிப்ஸ் தயாரிப்பவர்கள் தங்கள் சொந்த வண்டிகளில் சரக்கைக் கடை கடையாகக் கொண்டுபோய், தங்கள் ஆட்களைக் கொண்டே அலமாரியில் அடுக்கி, பழைய பொட்டலங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஹெர்மன் லே நாஷ்வில்லில் தொடங்கிய நிறுவனமும், எல்மர் டூலின் சான் அன்டோனியோவில் தொடங்கிய ஃபிரிட்டோ நிறுவனமும் 1961-இல் இணைந்து ஃபிரிட்டோ-லே ஆனபோது, அதன் உண்மையான சொத்து இந்த வண்டிகளும் அவற்றை ஓட்டிய விற்பனையாளர்களும்தான். 1965-இல் அது பெப்சி-கோலாவுடன் சேர்ந்து பெப்சிகோ உருவானபின் அந்தப் படையோடு மோதுவது இன்னும் கடினமாயிற்று.

புராக்டர் அண்ட் கேம்பிளிடம் அப்படிப்பட்ட வண்டிகள் இல்லை. சோப்பு, சலவைத்தூள், 1911 முதல் விற்றுவந்த கிரிஸ்கோ சமையல் கொழுப்பு ஆகிய அனைத்தும் பேரங்காடி நிறுவனங்களின் கிடங்குகளுக்கு மொத்தமாகப் போய்ச் சேரும். அங்கிருந்து கடைக்குக் கொண்டுபோவது அங்காடிக்காரரின் பொறுப்பு. 1950-களின் நடுவில் அந்நிறுவனம் வேர்க்கடலை வெண்ணெய், கேக் மாவு என்று உணவுத் துறையில் வேகமாக நுழைந்துகொண்டிருந்தது. சிப்ஸையும் அதே கிடங்கு வழியில் அனுப்ப வேண்டுமானால் அது நொறுங்கக் கூடாது, கெடக் கூடாது, காற்றுக்காக இடத்தை வீணாக்கக் கூடாது.

1956-இல் வேதியியலாளர் ஃபிரெட்ரிக் பௌரிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை இதுதான். குதிரைச் சேணம் போல இரு திசைகளில் வளைந்த சில்லுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குழல் வடிவ டப்பாவில் அடைப்பது அவர் கண்ட வழி. அடுக்கும் முறைக்கும் டப்பாவுக்குமான காப்புரிமைக்கு 1966-இல் விண்ணப்பித்து 1970-இல் பெற்றார்கள். வடிவமும் டப்பாவும் 1950-களிலேயே தயாராகிவிட்டன, ஆனால் உள்ளே இருந்ததை யாரும் விரும்பித் தின்னும்படி செய்ய முடியவில்லை. திட்டத்தை ஓரம் கட்டிவிட்டு, 1960-களின் நடுவில் அலெக்சாண்டர் லீபா என்ற ஆய்வாளரிடம் மீண்டும் கொடுத்தார்கள். அவர் சுவையை ஓரளவு சீர்செய்தார். வறுக்கும் இயந்திரத்தை உருவாக்குவதில் பொறியாளர் ஜீன் வுல்ஃப் பங்காற்றினார். பொட்டலம் முதலில், பண்டம் பிறகு என்ற இந்த வரிசையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

செய்முறையும் அதே நோக்கத்துக்கு உடன்பட்டது. கிழங்கைச் சீவி வறுப்பதற்குப் பதிலாக, உலர்த்திய உருளைக்கிழங்குத் துகளோடு மற்றத் தானிய மாவுகளைச் சேர்த்துப் பிசைந்து, தகடாக உருட்டி, நீள்வட்டமாக வெட்டி, அச்சில் ஏற்றி வறுத்தார்கள். பச்சைக் கிழங்கின் பருவத்தையும் தரத்தையும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் ஆலையும் வேண்டியதில்லை. டென்னசி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் அமைந்த ஒரு பெரிய ஆலை அமெரிக்காவின் பெரும்பகுதிக்குச் சரக்கு அனுப்ப முடிந்தது.

1968-இல் இந்தியானாவில் சோதனை விற்பனை தொடங்கி, 1970-களின் நடுவில் நாடு முழுவதும் பரவியது. முதல் வரவேற்பு ஆரவாரமாக இருந்தது, பிறகு விற்பனை சரிந்தது. புதுமைக்காக ஒருமுறை வாங்கியவர்கள் மறுமுறை வாங்கவில்லை. சுவையில் குறை என்பதே பொதுவான புகார். இந்த இடத்தில் வேறு எந்த நிறுவனமாக இருந்தாலும் கதவை இழுத்துப் பூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். புராக்டர் அண்ட் கேம்பிள் பொறுத்திருந்து, 1980-இல் செய்முறையை மாற்றி, புதிய சுவைகளைச் சேர்த்து, விளம்பரத்தின் தொனியையும் திருத்தி, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இழந்ததை மீட்டது.

இதோடு ஒப்பிட ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. பீர் தயாரிப்பில் முன்னணியில் இருந்த அன்ஹைசர்-புஷ், 1979-இல் ஈகிள் ஸ்நாக்ஸ் என்ற பெயரில் பையில் அடைத்த சிப்ஸ் வணிகத்தில் இறங்கி, ஃபிரிட்டோ-லேயை அதன் சொந்தக் களத்திலேயே எதிர்கொண்டது. பணத்துக்குக் குறைவில்லாத அந்நிறுவனம் 1996-இல் தோற்று வெளியேறி, நான்கு ஆலைகளை ஃபிரிட்டோ-லேயிடமே விற்றது. பிரிங்கிள்ஸ் அந்தச் சண்டையில் இறங்கவே இல்லை, அதனால்தான் பிழைத்தது. ஆனால் அதே காரணத்தால் அமெரிக்காவுக்குள் அதன் வளர்ச்சிக்கு ஓர் எல்லையும் இருந்தது. பெட்ரோல் நிலையங்களிலும் சிறு கடைகளிலும் அலமாரியை நிரப்புபவர் யாரோ, இடமும் அவருக்கே. வெளிநாடுகளில் நிலைமை வேறு. உடையாமலும் கெடாமலும் கப்பலில் போகக்கூடிய சிப்ஸ் என்பதால், விற்கப்பட்ட காலத்தில் அது 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் கிடைத்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2001-இல் பிரிங்கிள்ஸை கோகோ-கோலாவுடனான கூட்டு நிறுவனம் ஒன்றில் சேர்க்க அறிவிப்பு வந்து, அதே ஆண்டில் கைவிடப்பட்டது. கிரிஸ்கோவும் ஜிஃப் வேர்க்கடலை வெண்ணெயும் 2002-இல் ஸ்மக்கர் நிறுவனத்துக்குப் போயின. 2004-இல் சன்னி டிலைட் பானம் போனது. 2008-இல் ஃபோல்ஜர்ஸ் காப்பியும் ஸ்மக்கரிடம் சேர்ந்தது. பிரிங்கிள்ஸ் தனித்து நின்றது. ஆண்டுக்கு 8,000 கோடி டாலருக்கு மேல் விற்பனை செய்த, சோப்பும் குழந்தை அணையாடையும் சவரக்கத்தியும் விற்கும் நிறுவனத்தில், மாவும் எண்ணெயும் கொள்முதல் செய்வதற்கும், உணவு ஆராய்ச்சிக்கும், அங்காடிகளின் தின்பண்டப் பிரிவோடு பேரம் பேசுவதற்கும் ஆகும் செலவு முழுவதையும் ஒரே ஒரு பொருள் சுமக்க வேண்டியிருந்தது. தன்னளவில் லாபமான பொருளும் அப்படிப்பட்ட இடத்தில் அனாதைதான்.

பதில்: தீர்ப்புத் திரட்டு

நண்பர் மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். அவர் புகழும் அந்த மாவுச் செய்முறைக்குச் சட்டத்தின் வாசலில் இரண்டு நாடுகளில், இரண்டு எதிரெதிர்த் திசைகளில், விலை கொடுக்க நேர்ந்தது.

அமெரிக்காவில் வழக்கமான சிப்ஸ் தயாரிப்பாளர்கள், உலர் மாவில் செய்த பண்டத்தை "உருளைக்கிழங்கு சிப்ஸ்" என்று அழைக்க விடக் கூடாது என்று போராடினார்கள். அவர்களின் சங்கம் 1970-களின் தொடக்கத்தில் ஜெனரல் மில்ஸ் நிறுவனத்தின் சிப்போஸ் என்ற இதேபோன்ற பண்டத்தின் மீது வழக்குத் தொடுத்து, அது உலர்த்திய உருளைக்கிழங்கில் செய்யப்பட்டது என்பதைப் பொட்டலத்தில் எடுப்பாகச் சொல்ல வேண்டும் என்ற தீர்ப்பைப் பெற்றது. 1975-இல் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் விதி ஒன்றை வெளியிட்டது: "சிப்ஸ்" என்ற பெயரைப் பயன்படுத்தலாம், ஆனால் "உலர்த்திய உருளைக்கிழங்கில் செய்தது" என்ற தொடரும் கூடவே இருக்க வேண்டும். அந்த வாலைச் சுமக்க விரும்பாத புராக்டர் அண்ட் கேம்பிள், காலப்போக்கில் "கிரிஸ்ப்ஸ்" என்று பெயரிட்டுக்கொண்டது.

பிரிட்டனில் விவகாரம் தலைகீழானது. அங்கே பெரும்பாலான உணவுப் பொருட்களுக்கு மதிப்புக் கூட்டு வரி பூச்சிய விகிதம். ஆனால் உருளைக்கிழங்கு கிரிஸ்ப்ஸுக்கும், கிழங்கிலோ அதன் மாவிலோ மாச்சத்திலோ செய்த அதுபோன்ற பண்டங்களுக்கும் முழு விகிதத்தில் வரி உண்டு. எனவே லண்டனில் அதே நிறுவனம், தன் பண்டத்தில் உருளைக்கிழங்கு 42 விழுக்காடு மட்டுமே இருப்பதால் அது அந்தப் பட்டியலில் வராது என்று வாதாடியது. தீர்ப்பாயம் ஏற்கவில்லை, 2008-இல் உயர் நீதிமன்றம் ஏற்றது, 2009 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, இது வரிக்கு உட்பட்டதே என்று முடித்தது. ஒரு பண்டத்தில் எத்தனை விழுக்காடு இருந்தால் அது உருளைக்கிழங்கில் "செய்யப்பட்டது" ஆகும் என்ற நுணுக்கத்தில் இறங்காமல், சாதாரண மனிதர் என்ன சொல்வாரோ அதுவே போதும் என்ற போக்கில் அமைந்த தீர்ப்பு அது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி பவுண்டு வரியும், 10 கோடி பவுண்டு வரையிலான பழைய பாக்கியும் இதில் அடங்கியிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன.

இந்தத் தோல்வியால்தான் நிறுவனம் பிரிங்கிள்ஸை விற்றது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்து வாங்க வந்தவர்கள் போட்ட லாபக் கணக்கில் அந்த வரி நிச்சயமாக ஒரு வரியாக இருந்திருக்கும்.

கேட்டவர்: கடைத்தெரு வாசகர்

இருவருக்கும் நன்றி. கேள்வியின் இரண்டாம் பாதி இன்னும் எஞ்சியிருக்கிறது. டைமண்ட் ஃபுட்ஸ் ஏன்? கெல்லாக் போன்ற பெரிய நிறுவனம் முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்கக்கூடிய நிலையில் இருந்தபோது, முதலிலேயே அதனிடம் போகாமல் ஒரு சிறிய நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தது எந்த வகையில் அறிவுடைமை?

பதில்: பற்று வரவு

தேர்வின் காரணம் வரி. தோல்வியின் காரணம் கணக்கு. இரண்டும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன.

புராக்டர் அண்ட் கேம்பிள் பிரிங்கிள்ஸை ரொக்கத்துக்கு விற்றால் லாபத்தின்மீது பெருந்தொகை வரி கட்ட வேண்டும். அமெரிக்க வரிச் சட்டத்தில் இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. விற்கும் பிரிவைத் தனி நிறுவனமாகப் பிரித்து, அதன் பங்குகளைத் தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்து, உடனடியாக அதை வாங்குபவரின் நிறுவனத்தோடு இணைத்துவிட வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: இணைந்தபின் உருவாகும் நிறுவனத்தில் விற்றவரின் பங்குதாரர்களே பாதிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். ஃபோல்ஜர்ஸ் காப்பியும் ஸ்மக்கரிடம் இந்த வழியில்தான் போனது. வாங்குபவர் விற்கப்படும் பிரிவைவிடச் சிறியவராக இருந்தால் மட்டுமே இந்த ஏற்பாடு அமையும் என்பதால், டைமண்ட் சிறியது என்பது இங்கே குறையன்று, தகுதி. கெல்லாக் அளவிலான நிறுவனத்தோடு இது நடக்கவே நடக்காது. 2011 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 235 கோடி டாலர். அதில் 150 கோடி டாலர் டைமண்டின் பங்குகள், மீதி 85 கோடி டாலர் அது ஏற்றுக்கொள்ளும் கடன். இணைந்த நிறுவனத்தில் 57 விழுக்காடு புராக்டர் அண்ட் கேம்பிளின் பங்குதாரர்களுக்கு என்று வகுத்திருந்தார்கள்.

அப்படியானால் டைமண்டின் பங்குவிலையே அங்கு நாணயம். அந்த நாணயம் செல்லாக்காசு என்று தெரிந்ததுதான் பிறகு நடந்தது.

டைமண்ட், 1912-இல் வால்நட் விவசாயிகளின் கூட்டுறவாகத் தொடங்கி, 2005-இல் பங்குச் சந்தைக்கு வந்த நிறுவனம். 2008-இல் பாப் சீக்ரெட் என்ற சோளப்பொரி வணிகத்தையும், 2010-இல் கெட்டில் சிப்ஸையும் வாங்கி வேகமாக வளர்ந்தது. ஒவ்வொரு காலாண்டிலும் லாபம் எதிர்பார்ப்பைத் தாண்டியது, பங்குவிலையும் ஏறியது. விவசாயிகள் இலையுதிர் காலத்தில் வால்நட்டைக் கொடுத்துவிடுவார்கள். இறுதி விலையை நிறுவனம் பின்னர் முடிவு செய்யும். டைமண்டின் நிதியாண்டு ஜூலை 31-இல் முடியும். 2010 ஆகஸ்டில் ஏறத்தாழ 2 கோடி டாலரும், 2011 செப்டம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 6 கோடி டாலரும் விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்டன. நிறுவனம் இவற்றை அடுத்த விளைச்சலோடு தொடர்புடைய தொகைகளாகக் காட்டியது. ஆனால் அடுத்த விளைச்சலை டைமண்டுக்குத் தர எண்ணமே இல்லாத விவசாயிகளுக்கும் காசோலை போயிருந்தது என்ற செய்தி கசிந்தபோது, கணக்கு அறிந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அது முந்தைய விளைச்சலுக்கான பாக்கி. அதை ஆண்டு முடிந்தபின் கொடுத்ததால், முடிந்த ஆண்டின் செலவு குறைந்தும் லாபம் கூடியும் தெரிந்தன.

நிறுவனத்தின் தணிக்கைக் குழு விசாரணையில் இறங்கியது. 2012 பிப்ரவரியில், இரண்டு ஆண்டுகளின் கணக்கையும் திருத்தி எழுத வேண்டும் என்று அறிவித்து, தலைமைச் செயல் அதிகாரியையும் தலைமை நிதி அதிகாரியையும் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். 2011 செப்டம்பரில் 90 டாலருக்கு மேல் விற்ற பங்கு 25 டாலருக்குக் கீழே விழுந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் 2014-இல் குற்றம் சாட்ட, நிறுவனம் 50 லட்சம் டாலர் அபராதத்தோடு அதை முடித்துக்கொண்டது.

புராக்டர் அண்ட் கேம்பிள் காத்திருக்கவில்லை. அறிவிப்பு வந்து ஓரிரு வாரத்துக்குள், 2012 பிப்ரவரி 15 அன்று, கெல்லாக்குடன் 269.5 கோடி டாலர் ரொக்க ஒப்பந்தம் வெளியாயிற்று. வரி கட்ட வேண்டியதாயிற்று, ஆனால் கிடைத்தது உண்மையான பணம்.

பதில்: ஆய்வகத் திண்ணை

கிடங்குக் கணக்கர் அவர்களின் விளக்கத்தில் எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான், ஆனால் விநியோகத்தை மட்டும் வைத்துப் பேசினால் ஒரு பக்கம் விடுபடுகிறது. புராக்டர் அண்ட் கேம்பிளுக்கு இந்தச் சிப்ஸ் தன் ஆய்வகத்தின் சரக்கை ஏற்றிச் செல்லும் வாகனமாகவும் இருந்தது. உடலில் செரிக்காமல் வெளியேறும் கொழுப்பு மாற்றான ஒலெஸ்ட்ராவை அந்நிறுவனம் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, 1996-இல் தின்பண்டங்களில் பயன்படுத்த அனுமதி பெற்றது. 1998-இல் கொழுப்பில்லாத பிரிங்கிள்ஸ் வந்தது. வயிற்று வலியும் வயிற்றுப்போக்கும் ஏற்படலாம் என்ற எச்சரிக்கையை 2003 வரை பொட்டலத்தில் அச்சிட வேண்டியிருந்த ஒரு பண்டத்தை எவர் ஆவலோடு வாங்குவார்? எதிர்பார்த்த பெருவணிகம் அமையவில்லை. 2004-இல் சில்லுகளின் மீதே படமும் எழுத்தும் அச்சிட்டு வெளியிட்டபோது, அந்தத் தொழில்நுட்பத்தைக்கூடத் தாங்களே உருவாக்காமல் இத்தாலியின் பொலோன்யா நகரிலிருந்த ஒரு சிறு பேக்கரியிடமிருந்துதான் பெற்றார்கள். கொழுப்பு வேதியியலில் தொடங்கிய உறவு அதற்குள் தளர்ந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

பதில்: கிடங்குக் கணக்கர்

ஒலெஸ்ட்ராவை நான் விட்டிருக்கக் கூடாது, நல்ல சேர்க்கை. விநியோகத்தை விடாமல் பிடித்துக்கொள்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கெல்லாக் வாங்கியதற்குப் பிறகு நடந்தது.

கெல்லாக் 2001-இல் கீப்ளர் பிஸ்கட் நிறுவனத்தை வாங்கியபோது, கடைக்கு நேரே சரக்கு கொண்டுபோகும் வண்டிகளும் கிடங்குகளும் ஆட்களும் அதோடு சேர்ந்து வந்தன. அது பெரிய பலம் என்று அப்போது பேசப்பட்டது. பிரிங்கிள்ஸ் வந்தபின்பும் அது பழையபடி அங்காடிகளின் கிடங்கு வழியாகவே போய்க்கொண்டிருந்தது. 2017-இல் கெல்லாக் தன் அமெரிக்கத் தின்பண்டப் பிரிவின் நேரடி விநியோகத்தையே மூடிவிட்டு, எல்லாவற்றையும் கிடங்கு வழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. பிரிங்கிள்ஸ் உட்படத் தன் அமெரிக்க விற்பனையின் பெரும்பகுதி ஏற்கெனவே அந்த வழியில் நன்றாக நடப்பதை அது எடுத்துக்காட்டியது. வாங்கிய நிறுவனம் தன் முறையைப் பிரிங்கிள்ஸின் மீது திணிப்பதற்குப் பதிலாகப் பிரிங்கிள்ஸின் முறைக்குத் தானே மாறிவிட்டது. 2019-இல் கீப்ளர் பிஸ்கட்டுகள் ஃபெரேரோவுக்கு விற்கப்பட்டன, பிரிங்கிள்ஸ் நிலைத்தது.

2023 பிரிவினையில் காலை உணவுத் தானியங்கள் ஒரு நிறுவனமாகவும், பிரிங்கிள்ஸ், சீஸ்-இட் முதலியவை கெல்லனோவாவாகவும் ஆனதற்குப் பின் மார்ஸ் கொடுக்க முன்வந்த விலை, கடன் உட்பட, 3,590 கோடி டாலர். அது கெல்லனோவா முழுவதற்குமான விலை என்பதால் 269.5 கோடியோடு நேராக ஒப்பிட முடியாது. ஆயினும் சாக்லேட்டிலும் சூயிங்கத்திலும் பெரிய நிறுவனமான மார்ஸ், காரத் தின்பண்டத்தில் தனக்கு இல்லாத உலகளாவிய இடத்தைத் தேடியே வந்தது. அந்தப் பட்டியலில் பிரிங்கிள்ஸ் முதலில் நின்றது.